கச்சான் காற்றில் கரை ஒதுங்கும் ஆலாக்களும் கடல் சூடும்: யாருக்கு என்ன தெரியும்?

மணக்குடிக்காயல்:

போன வாரம் கச்சான் (மேற்கேயிருந்து வரும் காற்று) பேய் மாதிரி அடித்ததில்லையா, அதற்கு மறுநாள் ராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் மணலில் ஒரு ஆலா, இங்கிலீஷில் டெர்ன் என்கிற கடற்பறவை, உட்கார்ந்திருந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் வெள்ளைப் பட்டை. பறக்கத் தெம்பில்லை. வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டால் நாலு பேர் "எல்லாம் பருவநிலை மாற்றம்" என்கிறார்கள், இரண்டு பேர் கும்பிடும் பொம்மை போடுகிறார்கள், அதோடு சரி. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தப் பறவை எங்கே முட்டையிடுகிறது? கடல் சூடானால் அதன் குஞ்சு பொரிப்பு கெடும் என்கிறார்களே, எப்படிக் கெடும்? கடல் சூடாவதற்கும் பாறையில் கிடக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று, மணக்குடி காயலுக்கு வரும் கடற்காகங்கள் சில வருஷம் கூட்டமாக வருகின்றன, சில வருஷம் ஆளைக் காணோம். அதுவும் இதுதானா?

உப்பளத்துக்காரி:

நெற்றிப் பட்டை கண்ணைத் தாண்டிப் பின்னால் புருவம் மாதிரி ஓடுகிறதா, கண்ணோடு நின்றுவிடுகிறதா என்று உங்கள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தாண்டி ஓடினால் பிரைடல்டு டெர்ன். கண்ணோடு நின்று, முதுகும் நல்ல கரிக்கறுப்பாக இருந்தால் சூட்டி டெர்ன். இரண்டும் வருஷத்தில் பெரும்பகுதியை நடுக்கடலில் கழிக்கிற சாதி. நம் கரையில் கூடு கட்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தூக்கி எறிந்தால்தான் இந்தப் பக்கம் தலை காட்டும்.

முட்டையிடும் இடம் என்றால் லட்சத்தீவில் கவரத்திக்கு வடக்கே பிட்டி என்று ஒரு மணல்திட்டு, மொத்தமே 1.2 ஹெக்டேர்தான், மரம் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. சூட்டி டெர்னுக்கு அது பேர்போன இடம். பிரைடல்டு டெர்ன் மகாராஷ்டிரத்தில் வெங்குர்லா பாறைகளிலும், அரபு நாட்டுக் கடலோரத் தீவுகளிலும் கூடு வைக்கும். கிழக்கே ராமர் பாலத்து மணல்திட்டுகளிலும் ஆலாக்கள் குஞ்சு பொரிக்கின்றன.

மணக்குடி கடற்காகங்களை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அங்கே அதிகம் வருவது பழுப்புத் தலைக் கடற்காகம். அது கூடு கட்டுவது லடாக், திபெத் பக்கத்து மலையேரிகளில். அதன் குஞ்சு பிழைப்பது அந்த ஏரித் தண்ணீரையும் பனி உருகுவதையும் பொறுத்தது, நம் கடலைப் பொறுத்தது இல்லை.

அப்புறம் ஒரு விஷயம், இந்த மாதிரிப் பறவையைக் கண்டால் தயவுசெய்து கடலுக்குள் தூக்கி வீசாதீர்கள். சூட்டி டெர்னின் இறகு தண்ணீரை ஊறவிடும், நீந்தித் தப்பிக்கத் தெரியாது. வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தூத்தூர்_ஆழ்கடல்:

நாங்கள் சொல்லும் கருத்த ஆலா இதுதான். ஆழ்கடலில் சூரை மீன் தேடுகிறவனுக்கு, அடியில் மீன் இருப்பதைக் காட்டும் எக்கோ சவுண்டர் கருவியை விட இதுதான் ஆள்காட்டி. தூரத்தில் ஆலா கூட்டமாகச் சுற்றிச் சுற்றி இறங்கி ஏறினால் அடியில் சூரை நிற்கிறது என்று அர்த்தம், படகை அந்தப் பக்கம் திருப்புவோம். ஆலா ஒரே நேராக ஒரு திக்கில் போனால் அங்கே ஒன்றும் இல்லை, அதுவும் எங்களைப் போலத் தேடிக்கொண்டுதான் போகிறது. சில ஓட்டத்தில் நாள் முழுக்க ஒரு ஆலா கண்ணில் படாது. அப்போது தண்ணீரும் மேலே வெதுவெதுப்பாகக் கிடக்கும், நீவாடும் (நீரோட்டம்) சரியில்லாமல் இருக்கும், மீனும் கிடைக்காது. குஞ்சு கதை எனக்குத் தெரியாது, படித்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்_படிப்பு:

தூத்தூர் அண்ணன் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டார். மீதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஆலாவால் ஆழமாக முங்க முடியாது. சூட்டி டெர்ன் தண்ணீரில் உட்காரக்கூடச் செய்யாது, மேல்பரப்பில் துள்ளுகிற மீனை அலகால் கொத்திக்கொண்டு போகும், அவ்வளவுதான். மேல் ஒரு சாண் தண்ணீரில் மீன் இருந்தால் சாப்பாடு உண்டு, இல்லாவிட்டால் பட்டினி. அந்தச் சின்ன மீனை மேலே விரட்டிக் கொடுப்பது அடியில் வேட்டையாடும் சூரை. சூரை ஆழத்துக்குப் போனாலோ வேறு பக்கம் போனாலோ ஆலாவுக்கு இரை எட்டாது.

இப்போது கடல் சூட்டுக்கு வருவோம். கடலில் மேலே சூடான நீர், அதற்குக் கீழே சட்டென்று குளிர்கிற ஓர் அடுக்கு. உரச்சத்து எல்லாம் கீழே இருக்கும், வெளிச்சம் மேலே இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் நுண்பாசி வளரும், அதைத் தின்று சின்ன மீன் வளரும். காற்று மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளும்போது கீழ்நீர் ஏறி வருகிறது. நம் தென்மேற்குக் கரையில் இது மே கடைசி, ஜூன் வாக்கில் குமரிமுனைப் பக்கம் தொடங்கிப் பிறகு வடக்கே கேரளக் கரையோரமாகப் பரவும். ஜூலையில் முட்டத்தில் கடலில் இறங்கினால் தண்ணீர் தணுத்துக் கிடக்கிறதே, அது மழையால் மட்டும் இல்லை, அடியிலிருந்து வந்த நீர். குமரிமுனைக்குத் தெற்கே கடலுக்கடியில் இருக்கும் வாட்ஜ் பேங்க் என்கிற மேட்டுப்பகுதி இவ்வளவு மீன் கொடுப்பதற்கும் இந்த ஏற்றத்துக்கும் சம்பந்தம் உண்டு.

மேல்நீர் அளவுக்கு மேல் சூடானால் அது லேசாகி மேலேயே தங்கிவிடுகிறது, கீழ்நீரோடு கலக்க மறுக்கிறது. காற்று அடித்தாலும் உரச்சத்து மேலே வருவதில்லை. மீன் முழுக்க அழிந்து போவதில்லை, குளிர்ந்த அடுக்கைத் தேடி ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கயிறுதான் எட்டவில்லை என்ற நிலை.

இது கூட்டில் எப்படித் தெரியும்? சூட்டி டெர்ன் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும், ஒன்று கடலுக்குப் போனால் மற்றது பசியோடு முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். போனது வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் உட்கார்ந்திருப்பது எத்தனை நாள்தான் தாக்குப்பிடிக்கும்? ஒரு கட்டத்தில் முட்டையை விட்டுவிட்டுப் பறந்துவிடும். இதைக் கல்நெஞ்சம் என்று நினைக்கக் கூடாது. முப்பது வருஷம் வரை வாழக்கூடிய பறவை அது. இந்த வருஷக் குஞ்சுக்காகத் தானும் செத்தால் இனி வரும் எல்லாக் குஞ்சும் போயிற்று. அதனால் கஷ்ட காலத்தில் முதலில் கைவிடப்படுவது குஞ்சுதான்.

இதற்குக் கண்கூடான சாட்சி 1982-83 எல் நினோ, அதாவது சில வருஷத்துக்கு ஒருமுறை பசிபிக் மேல்நீர் வழக்கத்தை விடச் சூடாகிற நிலை. பசிபிக் நடுவில் கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டித் தீவு, கிறிஸ்துமஸ் தீவு என்றும் சொல்வார்கள், சுமார் 1.7 கோடி கடற்பறவைகள் இருந்த இடம். 1982 நவம்பரில் போய்ப் பார்த்தால் தீவே காலி. பெரிய பறவைகள் பறந்துவிட்டன, குஞ்சுகள் இருந்த இடத்திலேயே பட்டினியில் செத்துக் கிடந்தன. பெரு நாட்டுக் கரையிலும் இதே கதைதான். அங்கே கடற்பறவைகளுக்கு உயிர்நாடி அஞ்சோவெட்டா என்கிற மீன், நம் நெத்திலிக்கு நெருங்கிய உறவு. எல் நினோ வரும்போதெல்லாம் அது ஆழத்துக்கும் தெற்குக்கும் விலகிவிடும், கோடிக்கணக்கில் இருந்த நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் 1957-58லும் 1965லும் சரிந்து விழுந்தன.

வடசேரி_சந்தை:

எல்லாம் சரி, ஆனால் எல் நினோ நூற்றுக்கணக்கான வருஷமாக வந்து போய்க்கொண்டிருக்கிறது. 1957ல் யார் பருவநிலை மாற்றம் பேசினார்கள்? பறவை அப்போதும் செத்தது, திரும்பவும் பெருகியது. இப்போது எதைத் தொட்டாலும் கடல் சூடு என்று சொல்வது வசதியாகப் போய்விட்டது. மனிதன் கையால் செய்ததை யாரும் பேசுவதில்லை. இந்தியப் பெருங்கடல் தீவுகளில் காலங்காலமாக ஆலா முட்டையைக் கூடை கூடையாகப் பொறுக்கித் தின்றிருக்கிறார்கள். கப்பலில் வந்த எலி? சாகோஸ் தீவுகளில் எலி ஏறாத தீவில் எலி ஏறிய தீவை விடக் கடற்பறவை 760 மடங்கு அடர்த்தி என்று 2018ல் ஆய்வு வந்ததே. ரெண்டு டிகிரி சூட்டை விட நாலு எலி மோசம் என்பது என் கணக்கு.

கடல்_படிப்பு:

எலி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை அண்ணாச்சி. அதே சாகோஸ் ஆய்வில் இன்னொன்றும் உண்டு, எலி இல்லாத தீவைச் சுற்றிய பவளப்பாறையில் மீனும் கிட்டத்தட்ட பாதி கூடுதல், காரணம் பறவை எச்சம் மழையில் கரைந்து கடலுக்குப் போய் உரமாகிறது. பறவைக்கு மீன் மட்டும் இல்லை, மீனுக்கும் பறவை வேண்டியிருக்கிறது.

ஆனால் "அப்போதும் செத்தது, திரும்பப் பெருகியது" என்றீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பெருகுவதற்கு நடுவில் நல்ல வருஷங்கள் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முட்டை, குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஐந்தாறு வருஷம் அல்லது அதற்கு மேல். இந்தக் கணக்கில் ஓடுகிற பறவைக்கு இடைவெளி குறைந்தால் பிடித்து எழ முடியாது. எல் நினோ வந்து போவது இயற்கைதான், ஆனால் அது ஏறி நிற்கிற தரை உயர்ந்துகொண்டே போகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடைக்கால மேல்நீர் 1901 முதல் 2012 வரை சுமார் 1.2 டிகிரி சூடாகியிருக்கிறது, அந்தப் பகுதியில் அறுபது வருஷத்தில் நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது.

எழுந்திருக்க முடியாமல் போனதற்கு அலாஸ்கா உதாரணம். 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் ஒரு பெரிய வெப்ப நீர்ப்பரப்பு நகராமல் கிடந்தது. அங்கே காமன் மர் என்று ஒரு பறவை, பார்க்கப் பென்குவின் சாயல், ஆனால் பறக்கும். நம் ஆலா மாதிரி மேல்தண்ணீரை நம்பியிருக்கிற பறவை இல்லை, 100 மீட்டருக்கும் கீழே முங்கி மீன் பிடிக்கும். அதுவே பட்டினியில் செத்து 62,000 உடல்கள் கரை ஒதுங்கின. பல கூட்டிடங்களில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்காத வருஷங்கள் தொடர்ந்து வந்தன. 2024ல் வெளியான கணக்குப்படி மொத்தம் செத்தது 40 லட்சம், அலாஸ்காவில் இருந்ததில் பாதி. அதற்குப் பிறகும் எண்ணிக்கை பழைய அளவுக்கு ஏறவில்லை.

முங்கத் தெரிந்த பறவை ஏன் செத்தது என்றால், சூடான நீரில் மீனுக்கே பசி கூடும், அதன் உடம்பு வேகமாக எரியும். பெரிய மீன்கள் சின்ன மீனை அதிகம் தின்னும். நுண்ணுயிரும் கொழுப்புக் குறைந்த வகையாக மாறிவிடும், அதைத் தின்று வளர்ந்த சின்ன மீனும் மெலிந்து போகும். மர் ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதி தின்றாக வேண்டும், மூன்று முதல் ஐந்து நாள் கிடைக்காவிட்டால் முடிந்தது.

தூத்தூர்_ஆழ்கடல்:

மெலிந்த மீன் என்று தம்பி சொன்னது சரி. சாளையில் (மத்தி மீன்) நெய் இல்லாத வருஷம் எங்கள் வீட்டுப் பெண்கள் சட்டியில் போட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உப்பளத்துக்காரி:

அதே கதைதான் ஸ்காட்லாந்தில் 2004ல் நடந்தது. மணல் விலாங்கு என்கிற விரல் நீள மீனை நம்பித்தான் அங்கே கடற்பறவைகள் குஞ்சு வளர்க்கின்றன. அந்த வருஷம் மீன் வந்தது, ஆனால் அதில் சத்து இல்லை, கூண்டோடு குஞ்சுகள் போயின. அடுத்து வந்த வருஷங்களில் தாய்ப்பறவைகள் வேறு வழியில்லாமல் பாம்பு மாதிரி நீண்ட, எலும்பும் தோலுமான ஊசி மீனைக் கொண்டுவந்து கொடுத்தன. விழுங்க முடியாமல் தொண்டையில் சிக்கிச் செத்த குஞ்சுகள் உண்டு.

இரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கூடு இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆலாவுக்குக் கூடு என்று ஒன்றும் கிடையாது, மணலில் ஒரு சின்னக் குழி, சில சமயம் அதுவும் இல்லை. சின்ன ஆலாவின் முட்டையைப் பக்கத்தில் குனிந்து பார்த்திருக்கிறேன். மணல் நிறம், அதன் மேல் பேனா மை உதறின மாதிரி புள்ளி, சிப்பி உடைசல்களுக்கு நடுவே ரெண்டு கிடந்தால் கால் வைத்த பிறகுதான் தெரியும். உச்சி வெயிலில் அந்த மணலில் நம்மால் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதனால் தாய்ப்பறவை வெயிலில் உட்காருவது சூடு கொடுக்க இல்லை, நிழல் கொடுக்க. இடையிடையே பறந்து போய் வயிற்று இறகைக் கடலில் நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்து குளிர வைக்கும். நாய் விரட்டியோ, செல்ஃபி எடுக்கிற கூட்டம் நின்றோ பறவை கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டால் முட்டை உள்ளேயே வெந்துவிடும்.

அப்புறம் கள்ளக்கடல். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, தெற்கே எங்கேயோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை நாலைந்து நாள் ஓடி வந்து வீட்டு வாசலில் ஏறும். அது அதிகம் வருவது ஏப்ரல், மே. தென்னிந்தியக் கரையில் சின்ன ஆலா மணலில் முட்டையிடும் பருவமும் ஏறக்குறைய அதே நேரம். ஒரே ராத்திரியில் கரை முழுக்கத் துடைத்துவிடும். கடல் மட்டம் ஒரு சாண் ஏறினால் அதே அலை இன்னும் எத்தனை அடி உள்ளே வரும் என்று யோசித்துப் பாருங்கள். லட்சத்தீவில் பங்காரம் பக்கம் பரளி 1 என்ற ஆளில்லாத் தீவு முழுக்க அரித்துப் போய்விட்டதாக 2017ல் ஆய்வு வந்தது. பிட்டியும் அதே மாதிரி மணல்தான். ஹவாய்ப் பக்கம் கிழக்குத் தீவு என்று ஒன்று, 2018 அக்டோபரில் ஒரு புயலில் பெரும்பகுதி காணாமல் போனது.

வடசேரி_சந்தை:

சரி, இடம் போனால் வேறு இடம் போகட்டும், சூடானால் முன்கூட்டியே முட்டையிடட்டும். மாமரமே பூக்கும் மாதத்தை மாற்றிக்கொள்கிறது, பறவையால் முடியாதா?

கடல்_படிப்பு:

நல்ல கேள்வி. உலகம் முழுக்க இருக்கும் கடற்பறவைக் கூட்டங்களின் முட்டையிடும் தேதிகளைச் சேர்த்துப் பார்த்து 2018ல் ஓர் ஆய்வு வந்தது. மேல்நீர்ச் சூடு மாறினாலும் ஒட்டுமொத்தமாகக் கடற்பறவைகள் தேதியை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் முடிவு. சின்ன மீன் தன் பருவத்தை மாற்றிக்கொள்கிறது, பறவை பழைய தேதியிலேயே வந்து நிற்கிறது. குஞ்சுக்கு அதிகம் பசிக்கிற வாரமும் கடலில் மீன் நிறைந்திருக்கிற வாரமும் விலகிப் போகின்றன. இடம் மாறுவதும் லேசில்லை, பிறந்த தீவுக்கே திரும்பி வரும் பழக்கம் இந்தச் சாதியில் ரொம்ப அழுத்தம்.

தூத்தூர்_ஆழ்கடல்:

கேரளத்தில் 2012ல் சாளை கிட்டத்தட்ட 4 லட்சம் டன், 2021ல் 3,500 டன்கூட இல்லை. குளச்சலில் இருந்து கொல்லம் வரை எல்லாருக்கும் வயிற்றில் அடி. அதிலும் கடல் சூடு, எல் நினோ என்றார்கள், குஞ்சு மீனை அள்ளினதும் ஒரு காரணம் என்றார்கள். நான் கேட்பது இதுதான், மனிதனுக்கே இல்லாதபோது ஆலாவுக்கு எது மிச்சம்?

கடல்_படிப்பு:

அதற்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள் அண்ணே. ஏழு கடற்பகுதிகள், பதினான்கு பறவை இனங்கள், பல பத்தாண்டு விவரம், 2011ல் வந்தது. சின்ன மீன் இருப்பு அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பறவைகளின் குஞ்சு பொரிப்பு சரியத் தொடங்குகிறது. அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வடசேரி_சந்தை:

மூன்றில் ஒரு பங்கைப் பறவைக்கு விட்டுவிட வேண்டுமா? நல்ல நியாயம். ஏற்கனவே நம் மாவட்டத்தில் விசைப்படகுக்குக் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்கே ஜூன், ஜூலை என்று இரண்டு தடைக்காலம். ஒரே மாவட்டம், சின்னமுட்டத்துக்கு ஒரு தேதி, குளச்சலுக்கு ஒரு தேதி. இதில் ஆலாவுக்கு வேறு தடையா?

தூத்தூர்_ஆழ்கடல்:

அண்ணாச்சி, தடைக்காலத்தைக் குறை சொல்லாதீர்கள், அது எங்கள் மீனுக்காக. நிவாரணத்தொகை பற்றாது என்பது வேறு பேச்சு. கோபம் இருந்தால் கோழித்தீவனத்துக்கு அரைக்கிறதற்காகக் குஞ்சு மீனை வாரிக்கொண்டு வருகிறவன் மேல் காட்டுங்கள். அந்த மீனை ஆலாவும் தின்னவில்லை, நாமும் தின்னவில்லை.

உப்பளத்துக்காரி:

பிரிட்டனில் 2024ல் வட கடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடல் முழுக்கவும் மணல் விலாங்கு பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அங்கே அது தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் போகிற மீன், யாருடைய சோற்றிலும் கை வைக்கவில்லை. நம் சாளையை அந்த மாதிரி நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை, நிறுத்தச் சொல்லவும் எனக்கு வாய் வராது. ஆனால் தூத்தூர் அண்ணன் சொன்ன குஞ்சு மீன் விஷயத்தில் பறவைக்காரர்களும் மீன்காரர்களும் ஒரே பக்கம் நிற்கலாம்.

மணக்குடிக்காயல்:

இவ்வளவு பேசியாயிற்று, நம் பக்கத்தில் நிலைமை என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? பறவைகளை எண்ணினால் போதுமா?

கடல்_படிப்பு:

வெறும் எண்ணிக்கை ஏமாற்றும். நீண்ட ஆயுள் உள்ள பறவை என்பதால் பத்து வருஷம் ஒரு குஞ்சுகூடப் பிழைக்காவிட்டாலும் கடலில் கிழட்டுப் பறவைகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எண்ண வேண்டியது இளசுகளை. ஆகஸ்ட்டிலிருந்து நவம்பர் வரை பிரைடல்டு டெர்ன்கள் இலங்கையின் மேற்குக் கரையை ஒட்டிப் பெருங்கூட்டமாகத் தெற்கே போகின்றன, அரபிக்கடல் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறவை என்று கருதுகிறார்கள். நம் ஆழ்கடல் படகுகள் நிற்கிற இடங்களிலும் தட்டுப்படும். கூட்டத்தில் பத்துக்கு எத்தனை இளசு என்று தெரிந்தால் அந்த வருஷம் குஞ்சு பொரிப்பு எப்படி என்று ஓரளவு சொல்லலாம்.

தூத்தூர்_ஆழ்கடல்:

இளசை எப்படிக் கண்டுபிடிக்க? எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உப்பளத்துக்காரி:

பிரைடல்டு குஞ்சுக்கு முதுகு இறகு ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெளிறிய கோடு இருக்கும், தூரத்தில் செதில் செதிலாகத் தெரியும். சூட்டி டெர்ன் குஞ்சு இன்னும் சுலபம், மார்பு வரைக்கும் கரிக்கறுப்பு, முதுகில் மட்டும் வெள்ளைப் பொட்டு தெளித்த மாதிரி. பெரியதுக்கு நெஞ்சு பளிச்சென்று வெள்ளை. ராத்திரி படகு விளக்குக்குக் கீழே வந்து கம்பியில் உட்காருமே, அப்போது போனில் பிடியுங்கள்.

கடல்_படிப்பு:

படத்தோடு ஜிபிஎஸ் இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள் அண்ணே, அடியில் சூரை நின்றதா இல்லையா என்பதையும். காலில் உலோக வளையம் இருந்தால் எண் தெரிகிற மாதிரி படம் வேண்டும். எண்ணிக்கை சரியாக வராவிட்டால் பரவாயில்லை, வீடியோ எடுத்துவிட்டால் கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொள்ளலாம்.

தூத்தூர்_ஆழ்கடல்:

சரி. ஜூலை 31க்குப் பிறகுதான் எங்கள் போட் இறங்கும். என் மச்சான் கொச்சியில் வேறு போட்டில் இருக்கிறான், அவனிடமும் சொல்கிறேன். டீசலுக்குக் காசு யாரும் தரப்போவதில்லை என்று தெரியும், படம் எடுக்கக் காசு ஆகாது.

வடசேரி_சந்தை:

அப்படியே கரையில் எலி எத்தனை என்றும் எண்ணச் சொல்லுங்கள்.